கூறு

புண்ணின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து
ஓரத்தைப் பேனாவால் வரைந்துகொண்டு வரவேண்டும்.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை.
என் வேலை அவ்வளவுதான். அளப்பது வேறொருவர்.
எந்தக் குழாயில் மருந்து, எதில் வெறும் மெழுகு என்பது
பூட்டிய அலமாரியில் ஓர் உறைக்குள் இருக்கிறது.
எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.
தெரியாமலிருப்பதுதான் முறை என்று
பயிற்சியில் சொன்னார்கள்.

பங்கேற்பாளர் 063. ஏகவல்லி.
ஐம்பத்திரண்டு வயது, பதினொரு வருடச் சர்க்கரை.
காசிமேட்டு ஏலத்தில்
பெட்டி ஆணி ஏறிய இடது கால்.
ஏறியது தெரியவில்லை.
செருப்பு ஈரமாயிருந்ததை
மீன் தண்ணி என்று நினைத்திருக்கிறாள்,
மூன்று நாள்.

ஒப்புதல் படிவம் ஏழு பக்கம்.
'சுயவிருப்பத்துடனும் பூரண அறிதலுடனும்' என்று
நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே
'எங்க வெக்கணும், அத்த சொல்லு' என்று
கட்டைவிரலை நீட்டினாள்.
புடவையில் துடைத்துவிட்டுத்தான் வைத்தாள்.
ஆனாலும் ஒரு செதில் போகவில்லை.
படிவத்தில் இன்னும் அந்த ரேகைக்கு நடுவே
மை படாத இடம் ஒன்று.

முதல் தாள் ஏரி மாதிரி இருந்தது.
இரண்டாவது தாளையும் அதையும்
ஒன்றன்மேல் ஒன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
எண்ணூர் விரைவுச் சாலையில்,
கன்டெய்னர் லாரிகள் மறித்த ஷேர் ஆட்டோவில்.
பார்க்கக் கூடாது. பார்த்தேன்.
வெளியே, பாறாங்கல் கொட்டிக் கொட்டியும்
கடல் தெருவுக்கு வந்துகொண்டேயிருக்கிறது.
இந்தத் தாளில் மட்டும் கரை
ஒன்றரை மில்லிமீட்டர்
தண்ணீருக்குள் நடந்திருந்தது.

மூன்றாம் முறை குழாயை எடை போட்டேன்.
(திரும்பி வரும் குழாயை எடை போடுவதும் என் வேலை,
மேலே சொல்ல விட்டுப்போயிற்று.)
ஒன்பது கிராம் மிஞ்சியிருக்க வேண்டும்.
அரிவாள்மணையில் பிளந்து
உள்சுவரை வழித்திருந்தது.

'இன்னாம்மா பாக்கற?
தீனாவுக்குக் கூறு போட்டுக் குடுத்தேன்.'

தீனதயாளன், அவள் கொழுந்தன்.
ஐஸ் உடைக்கிற மெஷினில் விரல் நசுங்கி
ஆறாத வலது கால்.
ஏப்ரலில் அவனையும் நான்தான் அழைத்துப் போனேன்.
கிரியாட்டினின் நான்கு புள்ளி ஒன்று.
தகுதியில்லை என்று வந்த தாளைப்
படித்துக் காட்டியதும் நான்தான்.
'பரிச்ச எழுதாமலே பெயிலா' என்று சிரித்தான்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
அவன் சிறுநீரகம், பெயர் தெரியாத களிம்பு, ஆபத்து.
இறால் உரித்துக்கொண்டே கேட்டாள்.
பிறகு,
'அது மருந்தா மெழுகான்னு உனுக்கே தெரியாது.
தெரியாததுல பாதிய குடுத்தா
இன்னா ஆயிடப் போவுது?
அவன் காலு காலு இல்லியா?'

குறிப்புப் பத்தியில் மூன்று வரிக்குத்தான் இடம்.
விதிமீறல் என்று எழுதித் தேதி போட்டேன்.
கை நடுங்கிற்று என்றெல்லாம் இல்லை.
மறுநாள் தீனாவை ஸ்டான்லிக்குக் கூட்டிப் போனேன்.
வரிசை, ஊசி, இன்னொரு வரிசை.

இரண்டு வருடம் கழித்து உறையைப் பிரித்தார்கள்.
குளிர்சாதன அறை, முந்திரி பிஸ்கட்,
திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.
அதில் ஒன்றை நான் தேடிக்கொண்டிருந்தேன்.
அடியில் பொடி எழுத்தில் இருந்தது:
விதிமீறலால் நீக்கப்பட்டோர், ஒன்பது பேர்.

அதற்குள் ஏகவல்லியின் கால் ஆறி
அவள் ஏலத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.
அவளுக்குப் போனது எந்தக் குழாய் என்று
கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.
கேட்கவில்லை.

என்னிடம் எண் போடாத தாள் ஒன்று உண்டு,
பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில்.
எடை போட்ட அன்றே தீனாவின் புண்ணையும்
வரைந்து வைத்தேன், யாரும் கேட்காமல்.
எப்போதாவது எடுத்து
ட்யூப்லைட்டில் பிடித்துப் பார்ப்பேன்.
மேலே வைக்க
இன்னொரு தாள் இல்லை.